வாசலில் கேட்கும் கேள்விகள்: சிறப்புக் குழந்தைகளின் அம்மா அப்பாக்களுக்காக

நான் சிறப்புப் பயிற்றுநர். பள்ளிக்கு வர முடியாத குழந்தைகளுக்கு வீட்டுக்கே போய்ப் பயிற்சி கொடுப்பது என் வேலை. முன்பு ஏற்காடு மலைக் கிராமங்களில் இருந்தேன், இப்போது சேலத்தில். எந்த வீடாக இருந்தாலும் குழந்தையின் கை, கால், பேச்சு பற்றிய கேள்விகள் உள்ளேயே முடிந்துவிடும். நான் கிளம்பிச் செருப்பை மாட்டும்போதுதான் அம்மாக்கள் தங்களைப் பற்றிக் கேட்பார்கள். அதுவும் குரலை இறக்கி, யாராவது வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டு.

குழந்தைக்கு என்ன செய்ய வேண்டும் என்று சொல்ல நாங்கள் பத்துப் பேர் இருக்கிறோம். 'நீங்கள் நேற்று தூங்கினீர்களா?' என்று கேட்க ஆள் இல்லை. அதனால் இந்தப் பக்கம் முழுக்கப் பெற்றோருக்கு. குழந்தைக்கான பயிற்சி முறைகள் எதுவும் இதில் இல்லை.

பிள்ளைக்கு இன்னதுன்னு டாக்டர் பேர் சொன்ன நாளிலிருந்து அழுகை நிக்கவே மாட்டேங்குது டீச்சர். இப்படித்தான் இருக்குமா?

இப்படித்தான் இருக்கும். வயிற்றில் இருந்தபோதே இந்தக் குழந்தையின் வாழ்க்கையை நீங்கள் மனசுக்குள் நடத்திப் பார்த்துவிட்டீர்கள். யார் ஜாடை, எந்தப் பள்ளிக்கூடம், எந்த மாமன் மடியில் காதுகுத்து என்பது வரை. ஒரே நாளில் அத்தனையும் கலைந்தால் அழாமல் என்ன செய்வது? சிலருக்கு அழுகையே வராது, மரத்துப்போய் இருப்பார்கள். சிலர் ரிப்போர்ட் தப்பு என்று ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்குவார்கள். சிலருக்கு டாக்டர் மேல் கோபம் வரும். எல்லாமே துக்கம்தான்.

அழுங்கள், ஆனால் சாப்பாட்டையும் தூக்கத்தையும் விட்டுவிடாதீர்கள். வேலையை விடுவது, வீடு மாறுவது, லட்சக்கணக்கில் முன்பணம் கேட்கும் சிகிச்சையில் சேருவது போன்ற பெரிய முடிவுகளை இந்த வாரங்களில் எடுக்க வேண்டாம். பயிற்சியை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். சின்ன வயதில் மூளை வேகமாகக் கற்றுக்கொள்ளும். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், அதாவது நம் பெரியாஸ்பத்திரியில், குழந்தைகள் பிரிவில் டிஇஐசி எங்கே என்று கேளுங்கள். பிறவிக் குறைபாடு, வளர்ச்சித் தாமதம் உள்ள குழந்தைகளைச் சீக்கிரமே கவனிப்பதற்கான அரசு மையம் அது. மனசு தெளியட்டும் என்று காத்திருக்க வேண்டாம், அழுதுகொண்டே தொடங்கலாம்.

நான் கர்ப்பமா இருந்தப்ப கிரகணத்தன்னிக்கு வெளிய வந்துட்டேன். அதனாலதான் இப்படின்னு மாமியார் சொல்றாங்க. என் தப்பா?

இல்லை. கிரகணத்துக்கும் குழந்தையின் மூளைக்கும் சம்பந்தமே கிடையாது. பப்பாளி தின்றது, மாடிப்படி ஏறியது, அழுதது, வேலைக்குப் போனது, ஸ்கேன் எடுத்தது என்று அம்மாக்கள் என்னிடம் ஒப்பித்த எதுவுமே காரணம் இல்லை. டவுன் சிண்ட்ரோம் 21-ஆவது குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருப்பதால் வருகிறது, கரு உருவாகும்போதே அது முடிவாகிவிடும். மூளை முடக்குவாதம் பெரும்பாலும் குறைமாதப் பிறப்பு, ஆக்சிஜன் குறைவு, தொற்று, கடுமையான மஞ்சள் காமாலை போன்றவற்றால் மூளை பாதிக்கப்பட்டு வருவது. எவ்வளவு தேடினாலும் காரணம் தெரியாத குழந்தைகளும் உண்டு. ஆட்டிசத்தில் மரபணுக்களின் பங்கு பெரியது. தடுப்பூசியால் ஆட்டிசம் வரும் என்று 1998-இல் கிளப்பிவிட்ட ஆய்வுக் கட்டுரையை, வெளியிட்ட மருத்துவ இதழே 2010-இல் திரும்பப் பெற்றுவிட்டது.

அம்மாவைக் குற்றம் சொல்லும் பழக்கம் நம் ஊர் மாமியார்களிடம் மட்டும் இருந்ததில்லை. 1950, 60-களில் அமெரிக்காவில் மெத்தப் படித்த நிபுணர்களே, அம்மாவிடம் பாசம் இல்லாததால்தான் ஆட்டிசம் வருகிறது என்று நம்பினார்கள். எத்தனை அம்மாக்கள் அதைச் சுமந்தே செத்திருப்பார்கள் என்று நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது. 1964-இல் பெர்னார்ட் ரிம்லண்ட் என்ற உளவியலாளர் அந்தக் கொள்கையை உடைத்தார். இது மூளை வளர்ச்சி சார்ந்தது, வளர்ப்பால் வருவதில்லை என்று ஆதாரங்களோடு எழுதினார். அவர் ஓர் ஆட்டிசப் பையனின் அப்பா.

சொந்தத்துல கட்டினதாலதான்னு எல்லாரும் சொல்றாங்க. தாய்மாமனைத்தான் கட்டியிருக்கேன். அது உண்மைதானே?

இதற்கு 'இல்லை' என்று ஒரே வார்த்தையில் சொல்ல முடியாது. நெருங்கிய உறவில் ஒரே பழுதான மரபணு இருவரிடமும் இருக்க வாய்ப்பு அதிகம். அந்த இரண்டும் குழந்தையிடம் சேர்ந்தால் சில வகைக் காதுகேளாமை, சில தசை, நரம்பு, வளர்சிதை நோய்கள் வரலாம். பொதுவாக 100 பிரசவத்தில் 2, 3 குழந்தைகளுக்குப் பிறவிக் குறைபாடு இருக்கும். அத்தை மகன், மாமன் மகள் கட்டிய தம்பதிகளிடம் அது ஏறக்குறைய இரண்டு மடங்கு. தாய்மாமன் உறவு இன்னும் நெருக்கம் என்பதால் ஆபத்தும் கொஞ்சம் கூடும். அப்படியும் பெரும்பாலான குழந்தைகள் நலமாகத்தான் பிறக்கிறார்கள். டவுன் சிண்ட்ரோமுக்கும், குறைமாதப் பிறப்பால் வரும் மூளை முடக்குவாதத்துக்கும் சொந்தத்தில் கட்டியதைக் காரணம் சொல்ல முடியாது.

இன்னொன்றும் இருக்கிறது. அந்தக் கல்யாணத்தைப் பேசி முடித்தது யார்? பெரும்பாலும் நீங்கள் இல்லை. சொத்து பிரியக்கூடாது, பெண் கண்ணெதிரே இருக்க வேண்டும் என்று பெரியவர்கள் கூடி முடித்ததற்கு இப்போது உங்கள் தலையில் பழி. உங்கள் குழந்தைக்கு இருப்பது மரபுவழி வந்ததா என்று தெரிய வேண்டுமானால் டாக்டரிடம் மரபணு ஆலோசனை கேளுங்கள். அடுத்த குழந்தை பற்றிய கேள்வி கீழே வருகிறது, அங்கே இது உதவும்.

எங்க வீட்டுக்காரர் பிள்ளையைப் பத்திப் பேசவே மாட்டேங்கிறாரு. தறியே கதின்னு கிடக்கிறாரு. அவருக்குப் பாசமே இல்லையா?

இருக்கலாம், வெளியே வர வழி தெரியாமல். நம் பக்கத்தில் ஆண்பிள்ளை அழுதால் அசிங்கம் என்று வளர்த்துவிட்டார்கள். டாக்டரிடம் போவதும் பயிற்சி எடுப்பதும் அம்மா வேலை என்று ஒதுக்கிவிட்டதால், குழந்தைக்கு என்ன நடக்கிறது என்பதே பல அப்பாக்களுக்குத் தெரியாது. தெரியாத இடத்தில் பயம் வரும். பயந்த ஆள் இன்னொரு ஷிப்ட் சேர்த்து ஓட்டிச் செலவுக்குப் பணம் கொண்டுவருவார், அதையே தன் பங்காக நினைத்துக்கொள்வார்.

சிவதாபுரம் பக்கம் ஒரு வீட்டில் அப்பா வெள்ளிப் பட்டறைக்காரர். நான் போகும்போதெல்லாம் எழுந்து வெளியே போய்விடுவார். மகளுக்குக் காலில் காலிப்பர் என்ற தாங்குபட்டை மாட்டிய பிறகு கொலுசு போட முடியவில்லை, சத்தம் கேட்காமல் அந்தப் பெண் காலைக் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் போனபோது காலிப்பரின் மேல்பட்டைக்கு அளவெடுத்து, கூடுதலாகக் கண்ணிகள் கோத்து, சாதாரணக் கொலுசைப் போல இரண்டு பங்கு சுற்றளவில் ஒரு ஜோடி கிடந்தது. கொக்கிக்குப் பதில் குழந்தையே மாட்டிக்கொள்ளும்படி திருகு வைத்திருந்தார். அன்றும் அவர் என்னிடம் பேசவில்லை.

எல்லா அப்பாவும் இப்படி என்று சொல்ல மாட்டேன். குடித்துவிட்டு அடிப்பவரும், விட்டுவிட்டுப் போனவரும் உண்டு. அடி, உதை என்றால் பொறுத்துப் போகாதீர்கள், பெண்களுக்கான உதவி எண் 181. வெறும் மௌனம் என்றால், 'நீங்க பாசமில்லாத ஆளு' என்று தொடங்காமல் ஒரு குறிப்பிட்ட வேலையைக் கொடுத்துப் பாருங்கள். ராத்திரி எண்ணெய் தேய்த்துக் காலை நீட்டி மடக்குவது, ஞாயிற்றுக்கிழமை குளிக்க வைப்பது. என் அனுபவத்தில் பேச்சைவிட அது சீக்கிரம் வேலை செய்கிறது.

கோயில் கோயிலா கூட்டிட்டுப் போகச் சொல்றாங்க. வேண்டுதல் வெச்சா தெரபியை நிறுத்தணுமா?

எதற்காக நிறுத்த வேண்டும்? ஆடியில் கோட்டை மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுங்கள், சேர்வராயன் கோயிலுக்கு நடந்து போங்கள். சாமி முன்னால் நின்று வாய்விட்டு அழுவதில் வரும் ஆறுதல் உண்மையான ஆறுதல், அதை நான் குறை சொல்ல மாட்டேன். சூடு வைப்பது, பட்டினி போடுவது, மாத்திரையை நிறுத்தச் சொல்வது என்று யாராவது ஆரம்பித்தால் மட்டும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து.

வெள்ளைக் கோட்டு போட்டவர்களிடமும் இதே எச்சரிக்கை வேண்டும். ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் சிகிச்சை என்று சொல்லி நகையை அடகு வைக்கச் சொல்கிறார்கள். அதைச் சிகிச்சையாகப் பரிந்துரைக்கக் கூடாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-இலேயே சொல்லிவிட்டது. 'முழுசா குணமாக்கிடலாம்' என்ற வாக்கியத்தைக் கேட்டால் பணப்பையை மூடுங்கள்.

விசேஷத்துக்குப் போனா 'இன்னும் நடக்கலையா, பேசலையா'ன்னு பிடுங்கி எடுக்கறாங்க. போகாமயே இருந்துடலாமா?

போகத் தெம்பு இல்லாத நாளில் போகாதீர்கள், அது உங்கள் உரிமை. எல்லா விசேஷத்தையும் விட்டுவிட்டால் மட்டும் கொஞ்ச நாளில் வீடே சிறையாகிவிடும். உங்களுக்கும் நல்ல புடவை கட்டிப் பந்தியில் உட்கார ஆசை இருக்கும்தானே.

கேட்பவர்களில் இரண்டு வகை. அக்கறையில் கேட்கும் சித்தி ஒருவர் என்றால் வம்புக்குக் கேட்பவர் நாலு பேர். எல்லோருக்கும் முழுக் கதையும் சொல்லத் தேவையில்லை. ஒரே ஒரு வாக்கியத்தைத் தயார் செய்து வைத்துக்கொள்ளுங்கள். கொண்டலாம்பட்டியில் ஓர் அம்மா, 'அவன் வேகத்துல அவன் வர்றான். நீங்க சாப்டீங்களா?' என்று கேட்டுவிட்டு அடுத்த ஆளிடம் போய்விடுவார். அதைக் கண்ணாடி முன்னால் சொல்லிப் பழகியதாகச் சொன்னார். பிள்ளைக்குச் சத்தமும் கூட்டமும் ஒத்துக்கொள்ளாது என்றால் மேளம் தொடங்குமுன் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள், யாரும் கணக்குப் பார்க்க மாட்டார்கள்.

அட்டை வாங்கினா பிள்ளைக்கு முத்திரை குத்தின மாதிரி ஆயிடாதா?

மாற்றுத்திறனாளி அடையாள அட்டை பற்றி இப்படிக் கேட்பவர்களுக்கு அலுவலக நடைமுறை தெரியாமல் இல்லை. குறைபாடு இத்தனை சதவீதம் என்பதை எழுத்தில் பார்க்கத்தான் மனசு வரவில்லை. முகாம் வரிசையில் நின்று 'எழுபது, எண்பது' என்று டாக்டர் சொல்வதைக் கேட்கும்போது நெஞ்சு அடைக்கும், உண்மைதான். யாரையாவது துணைக்குக் கூட்டிப்போங்கள், அன்று வேறு வேலை வைத்துக்கொள்ளாதீர்கள்.

அந்த எண் உங்கள் குழந்தையை அளக்கவில்லை. அரசாங்கம் கொடுக்க வேண்டியதைக் கேட்டு வாங்க அது ஒரு கருவி. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுக்கொண்டிருக்கிறது, 40 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால் பெரும்பாலான உதவிகள் கிடைக்கும். 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை, அறிவுசார் குறைபாடு போன்ற சில பிரிவுகளுக்கு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை, நகரப் பேருந்தில் துணைக்கு வருபவருக்கும் சேர்த்து இலவசப் பயணம். வருமான வரி கட்டுபவர்களுக்கு, பழைய வரிமுறையில் 80டிடி பிரிவில் 75,000 ரூபாய், கடுமையான குறைபாடு என்றால் 1,25,000 ரூபாய் கழிவு உண்டு. ஆட்சியர் அலுவலகத்தில் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள். பணக் கவலை கொஞ்சம் குறைந்தாலே ராத்திரித் தூக்கம் கூடுகிறது, வீடு வீடாகப் பார்த்துச் சொல்கிறேன்.

பெரிய பொண்ணு 'தம்பியைத்தான் எப்பவும் பாக்கறே'ங்கறா. என்ன செய்யறது?

அவள் சொல்வது சரி என்று ஒத்துக்கொள்ளுங்கள். அப்புறம் அவளுக்கென்று வாரத்தில் ஒரு நேரம் ஒதுக்குங்கள். தம்பியை அம்மாயியிடம் விட்டுவிட்டு அவளோடு மட்டும் போய் ஒரு தட்டுவடை செட் சாப்பிட்டு வந்தால் போதும், கால்மணி நேரமானாலும் தம்பியைப் பற்றிப் பேசாமல். தம்பிக்கு என்ன என்பதை அவள் வயசுக்குப் புரியும்படி நீங்களே சொல்லுங்கள். தெருப் பிள்ளைகள் சொல்லி அவள் தெரிந்துகொள்ளக் கூடாது.

எங்க ஊரு மலை மேல. தெரபிக்குக் கீழ இறங்கி ஏறறதுக்குள்ள உசுரு போயிடுது. அப்புறம் எங்க மனசைப் பாக்கறது?

ஏற்காடு மலையில் நாகலூர், வாழவந்திப் பக்கத்து அம்மாக்கள் கேட்பது இது. ஒரு பஸ்ஸை விட்டால் அடுத்ததற்குக் காத்திருக்க வேண்டும். 20 கொண்டை ஊசி வளைவிலும் பிள்ளை வாந்தி எடுக்கும். மாற்றுத்துணி, பிளாஸ்டிக் பை, ஒரு தோளில் பிள்ளை. பழம் பறிப்புக் காலமென்றால் ஒருநாள் கூலியும் போகும். இத்தனையும் தாண்டிப் போனால் 'வீட்டுல சரியா பயிற்சி செய்யலையா அம்மா?' என்று ஒரு கேள்வி. இந்தச் சோர்வுக்கு உங்கள் மனபலம் குறைவு என்று பெயர் வைக்காதீர்கள். ஒரு ஆள் செய்யும் வேலையின் அளவைத் தாண்டிவிட்டது, அவ்வளவுதான்.

குறைக்கக்கூடியதைக் குறைப்போம். டாக்டர், பயிற்சி, மாத்திரை எல்லாவற்றையும் ஒரே நாளில் வைத்துத் தரும்படி கேளுங்கள், தயங்காதீர்கள். வட்டார வள மையத்தில் பெயர் பதிந்தால் வீட்டுவழிக் கல்விக்கு எங்களைப் போன்றவர்கள் வருவோம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவரும் வீட்டுக்கு வர வழி இருக்கிறது, கிராமச் செவிலியரிடம் சொல்லி வையுங்கள். வீட்டில் செய்ய இரண்டே பயிற்சி சொல்லுங்கள் என்று கேளுங்கள். பன்னிரண்டு சொல்லி ஒன்றும் நடக்காமல் குற்ற உணர்ச்சி மட்டும் மிஞ்சுவதைவிட அது மேல்.

மனசைப் பேச மலை இறங்க வேண்டாம். 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணுக்கு எந்த நேரத்திலும் பேசலாம், கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசுவார்கள். டவர் கிடைக்கும் இடத்துக்கு விறகுக்குப் போகும்போது பேசுகிற அம்மாவை எனக்குத் தெரியும்.

நாலு வருஷம் ஆச்சு. தேறிட்டேன்னு நெனச்சேன். ஜூன்ல பள்ளிக்கூடம் தொறந்தா மறுபடி அழுகை வருது. நான் இன்னும் ஏத்துக்கலையா?

முதல் கேள்வியில் சொன்ன துக்கம் ஒரே தடவை வந்து போகிற விருந்தாளி இல்லை. அதே வயசுப் பக்கத்து வீட்டுப் பையன் சீருடை போட்டுக் கிளம்பும்போது வரும், தங்கச்சி பிள்ளை 'அம்மா' என்று கூப்பிடும்போது வரும், மகள் வயசுக்கு வரும்போது ஒரு தடவை பலமாக வரும். 1962-இல் அமெரிக்காவில் சைமன் ஒல்ஷான்ஸ்கி என்பவர் இதைக் கவனித்துத் தீராத் துயரம் என்று எழுதினார். இது நோய் இல்லை, இயல்பான மனசின் இயல்பான வலி என்றார். 'ஏற்றுக்கொள், ஏற்றுக்கொள்' என்று பெற்றோரை நெருக்கும் நிபுணர்களையும் கண்டித்தார். எனக்கு மிகவும் பிடித்த இடம் அது.

பிள்ளையை உயிராய் நேசிப்பதும், இப்படி ஆகியிருக்க வேண்டாமே என்று அழுவதும் ஒரே ஆளிடம் ஒரே நாளில் இருக்கும். ஒன்று இருந்தால் இன்னொன்று பொய் என்று ஆகாது. ஜூனில் வரும் என்று தெரிந்துவிட்டதால், அந்த வாரத்தில் அக்கா வீட்டுக்குப் போவதோ, கூடப் பேச ஒரு ஆளை ஏற்பாடு செய்வதோ நல்லது.

மனநல டாக்டர்கிட்ட போனா பைத்தியம்னு சொல்ல மாட்டாங்களா?

சொல்பவர்கள் சொல்வார்கள். அவர்கள் உங்கள் வீட்டு ராத்திரியைப் பார்த்துக்கொள்ள வரப்போவதில்லை. துக்கம் வந்து வந்து போகும், இடையில் சிரிப்பும் இருக்கும். இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்து எதிலும் பிடிப்பில்லாமல், தூக்கமும் பசியும் கெட்டு, குளிக்கக்கூட மனசில்லாமல், 'நான் எதுக்கும் லாயக்கில்லை' என்றே ஓடிக்கொண்டிருந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதற்கு மருந்தும் பேச்சுச் சிகிச்சையும் இருக்கின்றன. பெரியாஸ்பத்திரியில் மனநலப் பிரிவு உண்டு. பிள்ளையைக் காட்டப் போகிற அதே நாளில் உங்களுக்கும் ஒரு சீட்டு போடுங்கள். பிள்ளைக்கு மாத்திரை வாங்க வந்தேன் என்று சொன்னால் யாருக்குத் தெரியப்போகிறது?

சில நேரம் பிள்ளை மேல வெறுப்பா வருது. அடிச்சும் இருக்கேன். நான் அம்மாவே இல்லையா?

இதைச் சொல்லும்போது யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை. விடிய விடியத் தூங்காமல், மூன்றாவது தடவை படுக்கை நனைந்து, கத்தல் நிற்காதபோது வெறுப்பு வரும். வெறுப்பு வருவது ஒன்று, கை ஓங்குவது வேறு. முதலாவதை வெட்கப்படாமல் வாய்விட்டுச் சொல்லலாம், இரண்டாவதை நிறுத்தியே ஆக வேண்டும். அடித்தால் அந்தக் குழந்தைக்கு எதற்கு என்றே புரியாது, யாரிடமும் சொல்லவும் முடியாது.

கை பரபரக்கும்போது குழந்தையை விழாத இடத்தில், பாயில் படுக்க வைத்துவிட்டு வாசலுக்குப் போய்விடுங்கள். ஐந்து நிமிடம் கத்தட்டும், ஒன்றும் ஆகாது. அந்த நேரத்தில் கூப்பிட்டால் வரும் ஒரு ஆளின் பெயரை முன்கூட்டியே முடிவு செய்து அவரிடமும் சொல்லி வையுங்கள். அடிக்கடி இப்படி ஆகிறது என்றால் உங்களுக்கு ஓய்வு போதவில்லை என்று அர்த்தம். வாரத்தில் அரை நாளாவது பிள்ளையை இன்னொருவர் பார்த்தாக வேண்டும், வீட்டில் கூடிப் பேசி அதை முடிவு செய்யுங்கள். மேலே சொன்ன இரண்டு வாரக் கணக்கையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு குழந்தை பெத்துக்கலாமா? அதுவும் இப்படி ஆயிட்டா?

முதலில் இப்போதைய குழந்தைக்கு இருப்பது என்ன என்று சரியாகத் தெரிய வேண்டும். சொந்தக் கல்யாணக் கேள்வியில் சொன்னபடி இருவரிடமிருந்தும் வந்த பழுதான மரபணு என்றால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு வாய்ப்பு. சாதாரண வகை டவுன் சிண்ட்ரோம் என்றால், இளம் அம்மாவுக்கு மறுபடி வர ஏறக்குறைய 100-இல் 1. ஆட்டிசம் என்றால் மற்ற குடும்பங்களைவிட வாய்ப்பு அதிகம். பிரசவச் சிக்கலால் வந்த மூளை முடக்குவாதம் என்றால் அடுத்த பிரசவத்தைக் கவனமாகத் திட்டமிடலாம். ஆகவே கர்ப்பம் தரிக்கும் முன்பே மரபணு ஆலோசனை.

'இவனைப் பார்த்துக்க ஒரு ஆள் வேணும்' என்பதற்காக மட்டும் பெற்றுக்கொள்ளாதீர்கள் என்பது என் கருத்து. பிறக்கும் முன்பே அந்தக் குழந்தைக்கு ஒரு வேலை கொடுத்துவிடுகிறோம். குழந்தை வேண்டும் என்று ஆசை இருந்தால் அதுவே போதுமான காரணம்.

எங்களை மாதிரி ஆளுங்களோட பேசினா என்ன ஆகும்? அவங்களும் அழுவாங்க, அவ்வளவுதானே?

முதல் நாள் அழுவீர்கள். மூன்றாவது வாரம் எந்தக் கடையில் பெரிய அளவு டயப்பர் மலிவு, எந்தப் பள்ளியில் தலைமையாசிரியர் நல்லவர் என்று பேசிக்கொண்டிருப்பீர்கள். எனக்குத் தெரியாத விஷயங்களை அம்மாக்கள் ஒருவருக்கொருவர் சொல்லித் தருகிறார்கள். மூன்று பேர் போதும், ஒரு வீட்டுத் திண்ணை போதும். சென்னை வித்யாசாகர் நிறுவனத்தை 1985-இல் தொடங்கிய பூனம் நடராஜன், மூளை முடக்குவாதம் உள்ள ஒரு மகனின் அம்மா. பின்னாளில் தேசிய அறக்கட்டளையின் தலைவராகவும் இருந்தார். கீழே கடைசிக் கேள்விக்கு அந்த அறக்கட்டளைச் சட்டம்தான் பதில்.

ஒரே ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: யார் பிள்ளை முன்னேறியது என்று ஒப்பிட வேண்டாம்.

பிள்ளையையும் கூட்டிட்டுப் போய்ச் சேர்ந்துடலாம்னு தோணுது டீச்சர்.

இந்த எண்ணம் இப்போது இருந்தால் மற்றதை அப்புறம் படியுங்கள். முதலில் மேலே சொன்ன 14416-க்கு அல்லது அரசு மருத்துவ உதவி எண் 104-க்குப் பேசுங்கள். வீட்டில் ஒருவரிடம், இல்லையென்றால் பக்கத்து வீட்டில், இதே வார்த்தையில் சொல்லுங்கள். தனியாக இருக்காதீர்கள், பிள்ளையை இன்று ராத்திரி இன்னொருவர் பார்க்கட்டும். பூச்சிமருந்து, மாத்திரைகளை வீட்டை விட்டு அப்புறப்படுத்தச் சொல்லுங்கள். உடனடி ஆபத்து என்றால் 108.

கேட்கும் குடும்பத்தாருக்கு: 'அப்படியெல்லாம் பேசாதே' என்று வாயை அடைக்காதீர்கள். எப்போதிலிருந்து தோன்றுகிறது, இன்றைக்கு என்ன நினைத்தாய் என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் எண்ணம் கூடாது. கூடவே இருந்து மறுநாள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.

இந்த எண்ணம் மனச்சோர்வு உச்சத்துக்குப் போனதன் அறிகுறி, அதற்குச் சிகிச்சை இருக்கிறது. சிகிச்சைக்குப் பிறகு பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னிடம் சண்டை போடும் அம்மாக்கள் இருக்கிறார்கள். இதன் அடியில் பெரும்பாலும் இருப்பது அடுத்த கேள்வி.

எங்களுக்கு அப்புறம் இவனை யாரு பாத்துப்பாங்க?

இதற்கு ஆறுதல் வார்த்தை உதவாது, ஏற்பாடு வேண்டும். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும் 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டம் இருக்கிறது. 18 வயது முடிந்துவிட்டால் பெற்ற அம்மா அப்பாகூடத் தானாகக் காப்பாளர் ஆகிவிட மாட்டார்கள். மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர் அளவிலான குழுவிடம் விண்ணப்பித்துச் சட்டப்பூர்வக் காப்பாளர் நியமனம் வாங்க வேண்டும். அதே சட்டத்தின் கீழ் நிராமயா என்ற காப்பீட்டில் 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவு பெறலாம். அரசு வேலையில் இருப்பவர்கள் குடும்ப ஓய்வூதியத்துக்குப் பிள்ளையின் பெயரை இப்போதே பதிந்து வையுங்கள். வீடு, நிலம் இருந்தால் உயிலா, அறக்கட்டளையா என்று வக்கீலிடம் கேளுங்கள்.

இந்தப் பொறுப்பைப் பெரிய மகளின் தலையில் கேட்காமலே கட்டிவிடாதீர்கள், அவளையும் உட்கார வைத்துப் பேசுங்கள். ஒரு ஆளை நம்பாமல் நாலைந்து பேரைப் பிள்ளைக்குப் பழக்குங்கள். மாமா வீட்டில் ஒருநாள், சித்தி வீட்டில் ஒரு ராத்திரி என்று இப்போதே தொடங்கினால் நாளைக்கு அந்த வீடு அவனுக்குப் புதுசாக இருக்காது, உங்களுக்கும் இன்றைக்கு ஓய்வு.

கூடவே ஒரு நோட்டுப் போடுங்கள். மாத்திரை பெயர், அளவு, வலிப்பு வந்தால் செய்ய வேண்டியது, ரத்த வகை எல்லாம் முதல் பக்கத்தில். அப்புறம் உங்களுக்கு மட்டும் தெரிந்தவை: சோற்றில் ரசம் ஊற்றிக் குழைத்தால்தான் விழுங்குவான், காதைத் தேய்த்தால் பல்வலி, மிக்ஸி சத்தத்துக்குப் பயம், தூக்கம் வர முதுகில் தட்ட வேண்டும், எந்தச் சத்தத்துக்குத் 'தண்ணி' என்று அர்த்தம். ஒரு நகலை உங்கள் தம்பி வீட்டில் கொடுத்து வையுங்கள், மாத்திரை மாறும்போதெல்லாம் இரண்டிலும் திருத்துங்கள்.